வேலை தருவது ஆறு, அதில் ஒன்றுதான் சம்பளம்

"என்ன பண்றீங்க?" என்று யாராவது கேட்டால் தமிழில் இரண்டு மாதிரி பதில் சொல்லலாம். "கணக்காளராக இருக்கிறேன்" என்பது ஒன்று, "நான் கணக்காளர்" என்பது மற்றொன்று. முதலாவதில் ‘ஆக’ என்று ஒரு சின்ன ஒட்டு இருக்கிறது. இப்போதைக்கு இப்படி, நாளைக்கு வேறாகவும் இருக்கலாம் என்ற இடைவெளியை அது விட்டுவைக்கிறது. இரண்டாவதில் வினைச்சொல்லே கிடையாது. ஆளும் தொழிலும் நடுவில் சமக்குறி போட்ட மாதிரி ஒட்டி நிற்கின்றன.

பெரும்பாலும் இரண்டாவதைத்தான் சொல்கிறோம், அதில் தப்பொன்றும் இல்லை. சங்கப் புலவர்களிலேயே கூலவாணிகன் சாத்தனார் இருக்கிறார், அறுவை வாணிகன் இளவேட்டனார் இருக்கிறார். ஒருவர் தானியம் விற்றவர், மற்றவர் துணி விற்றவர். தொழில் அவர்கள் பெயருக்கு முன்னால் அடைமொழியாக நிற்கிறது. ஆனால் இன்று நமக்கு அவர்களைத் தெரிவது பாட்டால். அடைமொழியை எடுத்தாலும் பெயர் மிஞ்சுகிறது. அதை எடுத்த பிறகு எதுவுமே மிஞ்சாமல் போகும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

உங்கள் நிலைமை என்ன என்று தெரிய, வீட்டில் பேசும்போது ‘நாங்க’ என்ற சொல் யாரைக் குறிக்கிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். "நாங்க அடுத்த மாசம் புது வெர்ஷன் கொண்டு வர்றோம்." "நாங்க அந்த டெண்டரை விட்டுட்டோம்." தமிழில் ‘நாம்’ என்றால் கேட்பவரும் உள்ளே, ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே. எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவரை வெளியே நிறுத்திவிட்டு, அந்த அறையிலேயே இல்லாத ஒரு நிறுவனத்தை உள்ளே சேர்த்துக்கொண்டு பேசுகிறோம். ஆட்குறைப்புக் கடிதம் வந்த மறுநாள் அதே வாய் ‘அவங்க’ என்று சொல்லும். தன்மைப் பன்மை ஒரே இரவில் படர்க்கையாகிவிடுகிறது. வேலை இழந்தவர்கள் பணக்கணக்கு போட்டு முடித்த பிறகும் நாள்கணக்கில் திகைத்து உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

"வேலையையே வாழ்க்கையா எடுத்துக்காதீங்க" என்ற அறிவுரை யாருக்கும் உதவியதாகத் தெரியவில்லை. வேலை ஏன் இவ்வளவு இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது என்று அது கேட்பதே இல்லை.

மூடிய ஆலை கற்றுத்தந்தது

வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியந்தால் என்று ஒரு சிற்றூர். ஊர் முழுக்க ஒரே ஜவுளி ஆலையை நம்பி இருந்தது. 1930 வாக்கில் அது மூடப்பட்டது. மரீ யாஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் என்ற மூன்று ஆய்வாளர்களின் குழு அங்கே போய் ஊரைக் கவனித்து, 1933இல் அறிக்கை வெளியிட்டது. அவர்கள் கேள்வித்தாளோடு நிற்கவில்லை. தெருவைக் கடக்கிறவர்கள் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள், வழியில் எத்தனை தடவை நிற்கிறார்கள் என்று ஒளிந்திருந்து எண்ணினார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். வீட்டு வேலை இன்னும் கையில் இருந்த பெண்கள் அவர்களைவிட வேகமாக நடந்தார்கள். நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் எடுக்கப்படும் புத்தகங்களின் எண்ணிக்கை சரிந்தது. பல ஆண்கள் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டார்கள்.

இதிலிருந்து தொடங்கி யாஹோடா பிற்பாடு, 1980களின் ஆரம்பத்தில், ஒரு கருத்தை முழுமையாக எழுதினார். சம்பளம் வேலையின் வெளிப்படையான பயன். அதற்குப் பின்னால், யாரும் கேட்காமலே வேலை இன்னும் ஐந்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது: நாளுக்கு ஒரு நேர ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மனிதத் தொடர்பு, தனி ஆளைவிடப் பெரிய ஒரு கூட்டு நோக்கம், சமூகத்தில் ஒரு இடமும் அடையாளமும், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் செய்தாக வேண்டிய ஒரு செயல்பாடு.

ஐந்தும் ஒரே குழாயில் வருவதால்தான் அந்தக் குழாயை நாம் ‘நான்’ என்று நினைத்துவிடுகிறோம். ஆகவே வேலையிலிருந்து ‘நான்’ என்பதைப் பிரித்து வைப்பது என்றால் வேலையின் மேல் பற்றைக் குறைப்பது என்று பொருள் இல்லை. இந்த ஐந்துக்கும் வேலைக்கு வெளியே இரண்டாவது வழி ஒன்றை, சின்னதாகவேனும், போட்டு வைப்பதுதான் செய்ய வேண்டியது. மனசை மாற்றிக்கொள்வதற்கு முன்னால் காலண்டரை மாற்ற வேண்டியிருக்கும்.

"ஒரு பொழுதுபோக்கு வச்சுக்கோங்க" என்பதும் ஏன் பாதி வழியில் நின்றுவிடுகிறது என்று இப்போது தெரியும். வீட்டில் தனியாக, தோன்றும்போது படம் வரைவது இந்த ஐந்தில் ஒன்றைக்கூட முழுசாகத் தருவதில்லை. நேர ஒழுங்கு இல்லை, ஆள் இல்லை, கூட்டு நோக்கம் இல்லை, யாருக்கும் தெரியாது, செய்யாவிட்டால் கேட்பாரும் இல்லை. வரைவது நல்லதுதான். ஆனால் அடையாளத்தின் சுமையை அதன் தலையில் வைத்தால் அது தாங்காது.

20 வரிச் சோதனை

எங்கிருந்து தொடங்குவது என்று பார்க்க ஒரு பழைய கருவி இருக்கிறது. மேன்ஃபர்ட் கூன், தாமஸ் மெக்பார்ட்லண்ட் என்ற இரு சமூகவியலாளர்கள் 1954இல் வெளியிட்டது. ஒரு தாளில் 1 முதல் 20 வரை எண் போடுங்கள். மேலே ‘நான் யார்?’ என்று எழுதுங்கள். 12 நிமிடம் அலாரம் வைத்துக்கொண்டு, மற்றவருக்குச் சொல்வது போல இல்லாமல் தனக்குத்தானே சொல்வது போல, வந்த வரிசையில் எழுதிக்கொண்டே போங்கள். அழகு பார்க்க வேண்டாம், முக்கியத்துவம் பார்க்க வேண்டாம். முதல் 5 சரசரவென்று வரும். 10ஐத் தாண்டியதும் பேனா நிற்பது சகஜம்.

எழுதி முடித்த பிறகு செய்வதுதான் நமக்குத் தேவையானது. பக்கத்தில் மூன்று பத்தி கோடு போடுங்கள். முதல் பத்தியில், நாளைக்கே இந்த வேலை போய்விட்டால் எந்த வரி பொய்யாகிவிடுமோ அதற்கு எதிரே ஒரு குறி. ‘மேலாளர்’, ‘டீம் லீட்’ போன்றவை இங்கே உடனே அகப்படும்.

இரண்டாம் பத்தி குணங்களுக்கு. ‘பொறுப்பானவன்’, ‘சீக்கிரம் முடிவெடுப்பவள்’, ‘நாலு பேருக்கு உதவுபவர்’ என்றெல்லாம் எழுதியிருப்பீர்கள். அதற்கு ஆதாரமாகக் கடைசியாக நடந்த ஒரு சம்பவத்தை எழுதுங்கள். சம்பவம் அலுவலகத்தில் நடந்தது என்றால் அந்தக் குணமும் பாதி வேலைக்குச் சொந்தம். பலருடைய தாளில் முதல் பத்தியில் மூன்றே குறி இருக்கும், இரண்டாம் பத்திக்கு வந்ததும் பதினொன்றாகிவிடும்.

மூன்றாம் பத்தியில் தேதி. அந்த வரியில் சொன்னதைக் கடைசியாக எப்போது செய்தீர்கள்? 7ஆவது வரியில் ‘வயலின் வாசிப்பவர்’ என்று இருக்கும். கடைசியாகக் கையில் எடுத்தது 3 வருஷத்துக்கு முன்னால், ஒரு தந்தி அறுந்து பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. அதை அடையாளம் என்று கணக்கில் சேர்க்க முடியாது, அது ஞாபகம். ‘அப்பா’ என்ற வரிக்கும் இதே கேள்விதான். கட்டணம் கட்டியதைத் தவிர வேறு என்ன, எந்தத் தேதியில் என்று கேட்டால் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். இந்தத் தாளை யாரும் பார்க்கப் போவதில்லை, சங்கடப்பட்டால் பரவாயில்லை.

இதில் தேர்ச்சி மதிப்பெண் என்று எதுவும் இல்லை. அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து எழுதினால் வேலை சார்ந்த வரிகள்தான் முதலில் வந்து விழும், அதனால் வெளியே எங்காவது எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து இன்னொரு தாள் எழுதிப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்தான் இதன் பலன்.

எண்ணிக்கை மட்டும் காப்பாற்றாது

பேட்ரிஷியா லின்வில் என்ற உளவியலாளர் 1985லும் 1987லும் முன்வைத்த கருத்து இந்தத் துறையில் அதிகம் பேசப்படுவது. ஒருவருக்குள் எத்தனை ‘நான்’கள் இருக்கின்றன, அவை எவ்வளவு தூரம் ஒன்றுக்கொன்று தனித்து நிற்கின்றன என்பதைப் பொறுத்து, ஒரு பக்கம் விழும் அடி மற்ற பக்கங்களுக்குப் பரவாமல் இருக்கும் என்றார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிற்பாடு வந்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றுசேர்த்து 2002இல் அலசியபோது கிடைத்த ஆதாரம் பலவீனமாகவும் ஒன்றுக்கொன்று முரணாகவும் இருந்தது. பாத்திரங்களைக் கூட்டிக்கொண்டே போனால் போதும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விருப்பமில்லாமல் தலையில் விழுந்த ஐந்து பொறுப்புகள் யாரையும் காப்பாற்றுவதில்லை, சோர்வைத்தான் கூட்டுகின்றன.

லின்வில் சொன்னதில் ‘தனித்து நிற்பது’ என்ற பாதியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒருவர் அலுவலக கிரிக்கெட் அணியில் ஆடுகிறார், கம்பெனி ஏற்பாடு செய்யும் தன்னார்வப் பணிக்குப் போகிறார், வார இறுதியில் சக ஊழியர்களோடு மலையேறுகிறார். வேலையையும் சேர்த்துக் காகிதத்தில் நான்கு அடையாளம். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கிற அன்று நான்கும் ஒன்றாகப் போகும். ஒரே தூணில் நான்கு விளக்கு மாட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

குழுக்களைப் பற்றிய ஆய்வுகள் இதைவிடத் தெளிவாகப் பேசுகின்றன. பக்கவாதத்திலிருந்து மீண்டவர்களை வைத்து கேத்தரின் ஹஸ்லமும் சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், நோய்க்கு முன் பல குழுக்களில் இருந்தவர்களே பிறகு வாழ்க்கையில் அதிக நிறைவோடு இருந்தார்கள். காரணம் எளிது. நிறைய குழுக்கள் இருந்தால் அதில் ஒன்றிரண்டாவது பழையபடி கைவசம் இருக்கும்.

இரண்டாவது வழியைப் போடுவது

ஐந்தில் எதை முதலில் எடுப்பது? எங்கள் கணிப்பில், கட்டாயச் செயல்பாடு. அது வந்துவிட்டால் நேர ஒழுங்கும் மனிதத் தொடர்பும் பின்னாலேயே வரும்.

தேர்ந்தெடுக்க ஒரே அளவுகோல்: நீங்கள் போகாவிட்டால் இன்னொருவருக்குச் சிரமமாக வேண்டும். ஜிம்மில் பணம் கட்டுவது இதில் தேறாது, அங்கே யாரும் உங்களுக்காகக் காத்திருப்பதில்லை. ஐந்து பேர் சேர்ந்தால்தான் நடக்கும் ஆட்டம், நான்கு குரலில் ஒன்றாகப் பாடும் குழு, வாரம் ஒருமுறை இரண்டு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருவது, பார்வையற்ற ஒருவருக்குப் பாடம் வாசித்துக் காட்டுவது, ஒரு சின்ன நூலகத்தை ஞாயிறு காலை திறக்கும் சாவியை வைத்திருப்பது ஆகியவை தேறும். நாள் குறிப்பிட்டதாக இருக்க வேண்டும், நேரமும் அப்படியே. எதிரே பெயர் தெரிந்த ஆட்கள் இருக்க வேண்டும்.

அளவு: வாரம் 2 மணி நேரம், முதல் மூன்று மாதத்துக்கு ஒன்றே ஒன்று. ஆர்வக்கோளாறில் மூன்றில் சேர்ந்துவிட்டு ஆறாவது வாரம் மூன்றையும் விடுவதுதான் வழக்கமாக நடப்பது. பழக்கம் ஒட்டுவதற்கு 21 நாள் போதும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். லண்டனில் பிலிப்பா லாலி குழு 96 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியான ஆய்வில், ஒரு அன்றாடச் செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர இடைநிலை அளவாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. தினமும் செய்கிற காரியத்துக்கே இந்தக் கணக்கு. வாரம் ஒருமுறை என்றால் இன்னும் பொறுமை வேண்டும்.

நட்புக்கும் மணிக்கணக்கு இருக்கிறது. ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரமும், நண்பர் என்று சொல்லிக்கொள்ள 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் ஆகிறது. அலுவலகத்தில் நட்பு ஏன் தானாக அமைகிறது என்பதும் இதில் தெரிகிறது, அங்கே ஒரே மாதத்தில் 150 மணி நேரத்துக்கு மேல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறோம். வெளியே வாரம் 2 மணி நேரம் என்றால் 50ஐத் தொடவே ஆறு மாதம், 200ஐத் தொட ஏறக்குறைய இரண்டு வருஷம். ஓய்வு பெறும் தேதி தெரிந்தவர்கள் அந்தத் தேதியிலிருந்து இரண்டு வருஷம் பின்னால் எண்ணி அங்கே ஒரு குறி போட்டுக்கொள்ளலாம். ஓய்வு பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவர்கள் இந்தக் கூட்டல் கணக்கைப் போட்டதில்லை.

கஷ்டமானது அந்தஸ்து. வேலைக்கு வெளியே உங்கள் பதவி செல்லாத இன்னொரு அளவுகோல் வேண்டும், அதில் நீங்கள் அடிமட்டத்தில் இருக்க வேண்டும். அலுவலகத்தில் 40 பேருக்குத் தலைவராக இருப்பவர், செஸ் பலகைக்கு எதிரே 15 வயதுப் பையனிடம் 22 நகர்த்தலில் தோற்று, "அங்கிள், ராணியை இவ்ளோ சீக்கிரம் வெளிய விடாதீங்க" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் காணாமல் போகிறார்கள். வேறு சிலர் காணாமல் போவதில்லை, அதைவிட மோசமாக மூன்றே மாதத்தில் சங்கத்துக்குச் செயலாளர் ஆகி, எல்லாருக்கும் அஜெண்டா அனுப்ப ஆரம்பித்துவிடுகிறார்கள். பழைய நாற்காலியைத் தூக்கிக்கொண்டு புது இடத்துக்கு வந்த கதை. முதல் ஒரு வருஷம் எந்தப் பொறுப்பும் ஏற்பதில்லை என்று முன்கூட்டியே முடிவெடுத்துக்கொள்வது நல்லது.

பணம் விஷயத்திலும் இதே எச்சரிக்கை. "நல்லா செய்றீங்களே, விற்கலாமே" என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோரின் 1973ஆம் ஆண்டுச் சோதனையில், வரைந்தால் பரிசு உண்டு என்று முன்பே சொல்லப்பட்ட குழந்தைகள், பரிசு நின்ற பிறகு, தானாக விரும்பி வரைவது குறைந்தது. எதிர்பாராமல் பரிசு கிடைத்தவர்களுக்கு அப்படி ஆகவில்லை. வாடிக்கையாளர், கெடு, விலைப்பட்டியல் என்று வந்துவிட்டால் அது இரண்டாவது வேலை. இரண்டாவது வேலையில் குற்றமில்லை, வருமானத்துக்காக என்றால் தாராளமாகச் செய்யலாம். இந்தக் கணக்கில் மட்டும் சேர்க்கக் கூடாது.

கூட்டு நோக்கத்தைத் தனியாகத் தேட வேண்டியதில்லை. கூடிச் செய்கிற எதிலும் அது கொஞ்சம் இருக்கும்.

நாளை மூடுவது

மாலை 6 மணிக்கு உடம்பு வெளியே வந்துவிடும். மனசு உள்ளேயே நின்றால் மேலே சொன்ன எதற்கும் இடம் கிடைக்காது. சபீனா சொன்னன்டாக், ஷார்லட் ஃபிரிட்ஸ் ஆகியோர் 2007இல், வேலைக்குப் பிறகு ஆள் மீள்வதற்கு உதவும் அனுபவங்களை நான்காகப் பிரித்தார்கள்: வேலையிலிருந்து மனம் விலகுவது, தளர்வு, புதிதாக ஒன்றைக் கற்றுத் தேறுவது, நேரம் தன் கையில் இருப்பது. இதில் ஒரு முரண்பாடும் உண்டு. வேலை நெருக்கடி கூடக்கூட விலகுவது அதிகம் தேவைப்படுகிறது, அதே அளவுக்குக் கஷ்டமாகவும் ஆகிறது. அதனால் இதை மன உறுதியிடம் விடாமல் ஒரு சடங்கு மாதிரி ஆக்கிக்கொள்ள வேண்டும்.

முடியாத காரியங்கள்தான் மனசில் வந்து வந்து போகும். மாசிகாம்போ, பௌமைஸ்டர் இருவரும் 2011இல் காட்டியது, காரியத்தை முடிக்காவிட்டாலும், எப்போது எப்படிச் செய்வோம் என்று குறிப்பான திட்டம் போட்டாலே அந்தக் குறுக்கீடு அடங்குகிறது என்பது. ஆகவே கிளம்புவதற்கு 10 நிமிடம் முன்னால் கணினியில் எல்லாச் சாளரங்களையும் மூடிவிட்டு, பாக்கி இருப்பதை எழுதுங்கள். ‘ரிப்போர்ட்டை முடிக்கணும்’ என்று எழுதினால் பலன் இல்லை, அது கவலையின் தலைப்பு மட்டும்தான். ‘நாளை 9:30, மூன்றாவது அட்டவணையில் விட்டுப்போன கூட்டுத்தொகையைச் சரிபார்க்கணும்’ என்று எழுதினால் மனசு விட்டுவிடும். ஏழு வரிக்கு மேல் போனால் அது பட்டியல் இல்லை, புலம்பல், அதனால் மீதியைத் தேதி போட்டுத் தள்ளி வையுங்கள். கடைசி வரி எழுதியதும் நோட்டு அலுவலகத்திலேயே இருக்கட்டும். வீட்டிலிருந்தே வேலை என்றால் மடிக்கணினியோடு சேர்த்து ஒரு அலமாரிக்குள் போய்க் கதவு சாத்தப்பட வேண்டும். பிறகு 15 நிமிட நடை, அல்லது உடை மாற்றுவது, அல்லது இரண்டும்.

போன் தனிக்கதை. ஆண்ட்ராய்டில் கம்பெனி ‘ஒர்க் ப்ரொஃபைல்’ போட்டுக் கொடுத்திருந்தால் அதை ஒரே தட்டில் நிறுத்தி வைக்கலாம். அலுவலகச் செயலிகளெல்லாம் அப்போது தூங்கிவிடும். ஐபோனில் ‘ஃபோகஸ்’ வசதியில் நேரம் குறித்து வைக்கலாம். அறிவிப்பை நிறுத்தினால் மட்டும் போதாது, செயலியின் படம் முதல் திரையில் இருந்தால் விரல் தானாகப் போகும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பிறகான தொடர்பைப் பற்றி ஊழியர்களோடு பேசி ஏற்பாடு செய்ய வேண்டும் என்று பிரான்ஸ் 2017இல் சட்டமே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நல்ல சட்டம். ஆனால் யாரும் கூப்பிடாத ஞாயிற்றுக்கிழமையிலும் நாமே எடுத்துப் பார்ப்பதை எந்தச் சட்டமும் தடுக்காது.

எல்லோருக்கும் சுவர் தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிறிஸ்டினா நிப்பர்ட்-எங் 1990களில் வெளியிட்ட ஆய்வில் மனிதர்களின் சாவிக்கொத்தையும் காலண்டரையும் பார்த்தார். சிலர் வீட்டுச் சாவியையும் அலுவலகச் சாவியையும் தனித்தனி வளையத்தில் வைக்கிறார்கள், சிலர் ஒன்றாகக் கோத்துக்கொள்கிறார்கள். ஒன்றாகக் கோப்பவர்கள் இரவு 9 மணிக்கு ஒரு மெயிலுக்குப் பதில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். நேரம் கலப்பது வேறு, அடையாளம் கரைவது வேறு. சாவி ஒரே வளையத்தில் இருந்தாலும் இரண்டு பூட்டும் இரண்டு கதவும் இருக்கின்றனவா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எங்கே தப்பாகிறது

பெரிய குழப்பம் ஒன்று. "எனக்கு இப்ப எதுவும் ஒட்டறதில்ல, சம்பளத்துக்கு வர்றேன், போறேன்" என்று கசப்போடு சொல்வதை அடையாளத்தைப் பிரித்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில், பணிச்சோர்வுக்கு மூன்று அடையாளம் சொல்கிறது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனத்தால் விலகி எரிச்சலும் கசப்பும் வளர்வது, தன்னால் முடியவில்லை என்ற உணர்வு. இது நோய் இல்லை, வேலை சார்ந்த நிலைமை என்றும் அது தெளிவாகக் குறிப்பிடுகிறது. கசப்பு அதில் இரண்டாவது. வித்தியாசம் காண ஒரு வழி: உண்மையில் பிரித்து வைத்தவருக்கு வேலை நேரத்தில் வேலை பிடிக்கவும் செய்யும், 6 மணிக்கு மேல் வேறு எதிலாவது உயிர் இருக்கும். சோர்ந்தவருக்கு இரண்டு பக்கமும் சப்பென்று இருக்கும். இரண்டாமவருக்குத் தேவை ஓய்வும் சுமைக் குறைப்பும், தேவைப்பட்டால் மருத்துவரும். அவரை வாரம் 2 மணி நேரப் பாட்டுக் குழுவுக்கு அனுப்பினால் அதுவும் ஒரு சுமையாகும்.

சேவையாக மதிக்கப்படும் தொழில்களில் சிக்கல் இன்னும் இறுக்கம். பண்டர்சன், தாம்சன் இருவரும் 2009இல் உயிரியல் பூங்காக் காப்பாளர்களைப் பற்றி எழுதினார்கள். இந்த வேலைக்கென்றே பிறந்தோம் என்று உணர்ந்தவர்களுக்கு வேலையில் அர்த்தம் அதிகம் கிடைத்தது. அதே ஆட்கள்தான் குறைந்த சம்பளத்தையும் கூடுதல் தியாகத்தையும் ஏற்றுக்கொண்டார்கள், நிர்வாகம் அந்தப் பற்றைப் பயன்படுத்திக்கொள்ளவும் இடம் கொடுத்தார்கள். ஆசையோடு செய்கிற ஊழியரிடம் ஊதியமில்லாத கூடுதல் வேலை வாங்குவது நியாயம்தான் என்று மற்றவர்கள் எளிதாக எண்ணுகிறார்கள் என்று 2020இல் வந்த இன்னொரு ஆய்வும் காட்டியது. செவிலியரும் ஆசிரியரும் இதை ஆய்வு படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இவர்கள் தொழில் மேல் உள்ள பற்றையும் நிறுவனத்தின் மேல் உள்ள கடப்பாட்டையும் இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது முதல் படி. ‘நான் செவிலியர்’ என்ற வாக்கியம் இருக்கட்டும். அதற்காக இந்த வார்டில் மூன்றாவது இரட்டை ஷிஃப்ட்டும் நானே பார்க்க வேண்டும் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை.

இந்தப் பேச்சு முழுக்க, மதிப்புத் தருகிற வேலையில் இருப்பவர்களுக்கானது என்பதையும் மறைக்க முடியாது. சாக்கடை அடைப்பு எடுப்பவரோ, கடன் வசூலுக்கு அலைபவரோ, நாள் முழுக்கத் திட்டு வாங்கும் கால் சென்டர் ஊழியரோ தன்னை வேலையிலிருந்து பிரித்து வைப்பதை முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்டிருப்பார். "இது நான் பார்க்கிற வேலை, நான் இது இல்ல" என்று அவர் சொல்வதை மேலாளர்கள் கேட்டுக் கற்கலாம்.

வேலை திடீரென்று போனால்

முன்னேற்பாடு எதுவும் இல்லாதபோது இது நடந்தால் வரிசை மாறும். முதல் வாரத்தில் ‘நான் யார்’ என்ற தாளை எழுத வேண்டாம், பாதி வரிகள் இறந்தகாலத்தில் வரும், அதைப் படிக்க மனசு தாங்காது. மரியந்தால் ஆண்கள் கடிகாரத்தை விட்டதை நினைவில் வைத்து நேரத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். எழுகிற நேரம் பழையபடி. காலை 9 முதல் 12 வரை வேலை தேடுவது, அதற்கு மேல் இல்லை. நாள் முழுக்கத் தேடினால் ஒவ்வொரு பதில் வராத விண்ணப்பமும் உங்களைப் பற்றிய தீர்ப்பு மாதிரி ஆகிவிடும். பிற்பகலில் வீட்டுக்கு வெளியே ஒரு மணி நேரம், தினமும் ஒரே இடத்துக்கு. வாரத்தில் ஒருமுறை பழைய வேலையோடு சம்பந்தமில்லாத ஒருவரைச் சந்திப்பது. பழைய சகாக்களின் வாட்ஸ்அப் குழுவை ஒரு மாதத்துக்கு மௌனமாக்கி வையுங்கள். விலக வேண்டாம், விலகுவது இன்னொரு இழப்பாகத் தோன்றும்.

"என்ன பண்றீங்க?" என்று யாராவது கேட்பார்கள், கேட்காமல் விடமாட்டார்கள். அதற்கு ஒரு பதிலை முன்பே எழுதி, சத்தமாக நாலு தடவை சொல்லிப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாக்கியம் போதும், இரண்டாவது வாக்கியம் வேலையைப் பற்றியதாக இருக்கக் கூடாது. "எட்டு வருஷமா கணக்காளராக இருந்தேன், இப்ப அடுத்தது தேடிக்கிட்டிருக்கேன். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் கூப்பிடாதீங்க, செஸ் இருக்கு."